நலமாகத் திரியும் கோழிக்கும் பூச்சி மருந்து வேண்டுமா?

கரிநாள் விருந்துக்கு மகளும் மருமகனும் வந்திருக்கிறார்கள். வீட்டுக் கோழியை அறுத்து, மஞ்சள் தடவித் தீயில் வாட்டி, குடலை உருவும்போது அது ஓரிடத்தில் கிழிந்துவிடுகிறது. உள்ளேயிருந்து சேமியா போல வெள்ளையாக நான்கைந்து புழுக்கள். பக்கத்தில் நிற்கும் பேத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பாட்டிக்கோ திகைப்பு. நேற்று மாலைவரை கொல்லையைக் கிளறிக்கொண்டிருந்த கோழி அது. கொண்டை செக்கச்செவேலென்று இருந்தது, கையில் தூக்கினால் கனம் தெரிந்தது. கிராமத்து வீடுகளில் அடிக்கடி நடக்கிற இந்தக் காட்சியின் முடிவில் ஒரு கேள்வி வந்தே தீரும்: மிச்சமிருக்கிற கோழிகளுக்கெல்லாம் பூச்சி மருந்து கொடுத்துவிடலாமா?

கால்நடைத் துறை 'குடற்புழு நீக்கம்' என்கிறது. ஊர்ப்பேச்சில் அது பூச்சி மருந்து. சோர்ந்து ஒடுங்கிய கோழிக்கு மருந்து கொடுப்பதில் யாருக்கும் குழப்பமில்லை. நன்றாக மேய்ந்து, நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழிக்கு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். இது நாலைந்து வீட்டுப் பிரச்சினையும் இல்லை. 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புறக்கடைக் கோழியினங்கள் சுமார் 31.7 கோடி. 2012-ல் இருந்ததைவிட இது ஏறக்குறைய 46 சதவீதம் அதிகம். பண்ணைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 12 கோடிக்கு மேற்பட்ட கோழியினங்களோடு தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம். சிறுவிடை, பெருவிடை, கழுத்தில் மயிரில்லாத கிராப்புக்கோழி என்று கொல்லையில் திரியும் பறவைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைச்செலவுப் பணம். அதில் ஒன்று செத்தாலும் அந்த வீட்டுக்கு வலிக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குடலில் புழு இருப்பதும் புழுவால் நோய் வருவதும் வேறு வேறு. மண்ணில் காலை வைத்து வாழும் கோழிக்குப் புழு இல்லாமல் இருப்பதுதான் அதிசயம். 1990-களில் டென்மார்க்கில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. திறந்தவெளியில் மேய்ந்த கோழிகளில் சுமார் 64 சதவீதத்திடம் பெரிய உருண்டைப் புழு இருந்தது. ஆழ்கூளத்தில் வளர்ந்தவற்றில் 42 சதவீதம். கூண்டுக் கோழிகளிலோ வெறும் 5 சதவீதம். கூண்டுக் கோழிகளை எந்த மருந்தும் அப்படிக் காப்பாற்றவில்லை. கம்பிக்கூண்டில் எச்சம் கீழே விழுந்துவிடுகிறது, கோழியின் அலகு அதைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். மேய்கிற கோழிகளில் மூன்றில் இரண்டு புழுவோடு இருந்தும் மந்தை மந்தையாகச் செத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சேமியா போலத் தெரிந்த அந்தப் புழுவின் பெயர் அஸ்காரிடியா கல்லி. பெண் புழு ஏழு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர்வரை வளரும். சிறுகுடலில் இருந்துகொண்டு நாளுக்குப் பல்லாயிரம் முட்டைகள் இடும். எச்சத்தோடு மண்ணுக்கு வரும் முட்டை அப்போதே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் பத்து முதல் இருபது நாளில் உள்ளே இளம்புழு உருவாகும், அதன் பிறகுதான் ஆபத்து. அதைக் கோழி கொத்தி விழுங்கினால் குடலில் பொரிந்து, கொஞ்ச காலம் குடல் சுவருக்குள் புகுந்திருந்து, ஐந்து முதல் எட்டு வாரத்தில் தானும் முட்டையிடத் தொடங்கும். நிழலும் ஈரமுமான மண்ணில் இந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சித்திரை வெயில் நேரடியாக விழும் காய்ந்த மண்ணில் அவ்வளவு நாள் தாங்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கொல்லைக் கோழிகளில் புழுத்தொல்லை கூடுவதற்கு இதுவே காரணம்.

வயதும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. மூன்று மாதம் தாண்டிய கோழிக்கு இந்தப் புழுவை ஓரளவு அடக்கி வைக்கும் வலு வந்துவிடுகிறது. தொற்று நின்றுவிடாது, ஆனால் உள்ளே போகிற முட்டைகளில் முழுப் புழுவாக வளர்வது குறையும். குஞ்சுகளிடம் அந்தத் தடுப்பு இல்லை. குறுகிய குடலில் நிறையப் புழு சேர்ந்தால் தீனி உடம்பில் ஒட்டாது. இறக்கை தொங்கும், எடை ஏறாது, மிஞ்சிப்போனால் குடலே அடைத்துக்கொள்ளும். புரதமும் வைட்டமின் ஏ-யும் குறைவான தீனி தின்னும் குஞ்சுகளில் இது இன்னும் கடுமையாகும். நொய்யும் சோறும் மட்டுமே கிடைக்கும் குஞ்சும், கரையான், கீரை, தவிடு, புண்ணாக்கு என்று கலந்து தின்னும் குஞ்சும் ஒரே அளவு புழுவை ஒரே மாதிரி தாங்குவதில்லை.

நாடாப்புழுவின் கதை வேறு. கோழியின் எச்சத்தைக் கோழியே கொத்துவதால் இது பரவுவதில்லை. நடுவில் ஓர் உயிர் வேண்டும். ரைலியெட்டினா என்ற நாடாப்புழு இனத்துக்கு எறும்பும் வண்டும் அந்த இடைத்தரகர்கள். இன்னொரு வகைக்கு வீட்டு ஈ. வேறொன்றுக்கு ஓடில்லாத நத்தை. எச்சத்தில் கிடக்கும் புழுவின் முட்டையை எறும்பு தின்கிறது, அந்த எறும்பைக் கோழி தின்கிறது. இவற்றில் ஒரு வகை குடல் சுவரில் தலையை ஆழமாகப் பதித்து முடிச்சு முடிச்சாகப் புண்ணை உண்டாக்கும். அறுத்துப் பார்ப்பவர்கள் அதைக் காசநோய்க் கட்டி என்று நினைத்துவிடுவதுண்டு. எச்சத்தின் மேல் அரிசி மணி போன்ற வெள்ளைத் துணுக்குகள் அசைந்தால் அது நாடாப்புழுவின் உடல் கண்ணி. கடையில் மலிவாகக் கிடைக்கும் பைப்பரசின் மருந்து இதைத் தொடவே தொடாது. அது உருண்டைப் புழுவை மட்டும் மரத்துப்போகச் செய்து வெளியேற்றும், அதிலும் வளர்ந்த புழுவை மட்டும். நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாண்டல் போன்ற வேறு மருந்து வேண்டும். என்ன புழு என்று தெரியாமல் கொடுக்கிற மருந்து பாதி நேரம் வீண்செலவு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் மலத்தைச் சோதிக்காமலேதான் மாத்திரை கொடுக்கிறார்கள். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்பெண்டசோல் வழங்கப்படுகிறது. பிள்ளைகளுக்குச் சரி என்றால் கோழிக்கு ஏன் கூடாது? நூற்றுக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் புழு இருக்கும் பகுதிகளில் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அங்கே மாத்திரையோடு கழிப்பறை, செருப்பு, கைகழுவும் பழக்கம் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. கோழிக்கு அந்த வசதி கிடையாது. தான் எச்சமிட்ட இடத்திலேயே அது அரிசி பொறுக்கும். காலையில் மருந்து குடித்த கோழி மாலையில் அதே கொல்லையில் அதே முட்டைகளை மறுபடி விழுங்கத் தொடங்கிவிடும். இரண்டு மாதத்துக்குள் குடலில் பழைய கணக்கு வந்துவிடக்கூடும். வருடத்துக்கு ஒருமுறை கடமைக்கு மருந்து ஊற்றுவதால் பெரிய பலன் இல்லாததற்கு அந்த மண்தான் காரணம்.

அப்படியென்றால் நலமான கோழிக்கு மருந்தே வேண்டாமா? வேண்டிய இடங்கள் உண்டு. அவற்றில் முதலாவது வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி.

இராணிக்கெட் நோய் என்று மலைநகரத்தின் பெயரைத் தாங்கிய இந்தக் கழிச்சல் 1920-களில் இந்தியாவில் பதிவானது. இன்றுவரை கொல்லைக் கோழிகளின் மிகப் பெரிய எமன் அதுதான். ஒரே வாரத்தில் பஞ்சாரத்தையே காலி செய்துவிடும். இதற்கான எட்டாவது வார ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகக் குடற்புழு நீக்கம் செய்யச் சொல்வது கால்நடை மருத்துவர்களின் நெடுநாள் வழக்கம். இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. உருண்டைப் புழுவைத் தொற்றவைத்த கோழிகளுக்கு இந்த நோயின் தடுப்பூசி போட்டு டென்மார்க் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். புழு இல்லாத கோழிகளைவிட இவற்றின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் குறைவாகவே உருவானது என்று 2014-ல் அறிவித்தார்கள். பார்வைக்கு நலமாக இருந்தாலும் எட்டு வாரக் குஞ்சுக்குத் தடுப்பூசிக்கு முன் மருந்து கொடுப்பது நல்ல முடிவு என்று துணிந்து சொல்லலாம். ஒன்றுக்குத்தான் காசும் நேரமும் இருக்கிறது என்றால், பூச்சி மருந்தை விட்டுவிட்டுத் தடுப்பூசியைப் போட வேண்டும். கொல்லைக் கோழி சாவதில் புழுவின் பங்கு சிறியது. கழிச்சல், கீரி, நாய், பருந்து எல்லாம் அதைவிட முன்னால் நிற்கின்றன.

வான்கோழி வளர்க்கும் வீடு இரண்டாவது இடம். தமிழ்நாட்டில் கோழியோடு நான்கு வான்கோழியையும் சேர்த்து விடுகிறவர்கள் பலர். கோழியின் குடற்பைகளில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஹெட்டராக்கிஸ் என்ற சிறு புழு வாழ்கிறது. கோழிக்கு அதனால் பெரிதாகத் தொந்தரவில்லை. ஆனால் அந்தப் புழுவின் முட்டைக்குள் ஓர் ஒற்றைச்செல் கிருமி ஒளிந்து பயணம் செய்கிறது. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது தியோபால்ட் ஸ்மித் என்ற அறிவியலாளர் 1895-ல் அந்தக் கிருமியை விவரித்தார். புழு முட்டைதான் அதைச் சுமக்கிறது என்பது 1920-ல் தெளிவானது. வான்கோழியின் ஈரலைத் தின்னும் அந்த நோய்க்கு அமெரிக்காவில் மிஞ்சியிருந்த ஒரே மருந்தான நைட்டார்சோனும் 2015-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மண்ணில் அந்த முட்டைகள் வருடக்கணக்கில் கிடக்கும், மண்புழுவும் அவற்றைச் சுமந்து திரியும். கோழியையும் வான்கோழியையும் வேறு வேறு நிலத்தில் விடுவதே சிறந்த வழி. அதற்கு இடமில்லாதவர்கள் நலமான கோழிக்கும் மருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த மருந்து கோழிக்காக இல்லை, பக்கத்தில் நிற்கும் வான்கோழிக்காக.

சந்தையிலிருந்து வாங்கி வரும் புதுக் கோழியைத் தனியாகக் கட்டிப்போட்டுப் பார்க்கும் இரண்டு மூன்று வாரத்தில் மருந்து கொடுப்பதும் இதே வகைதான்.

மீதியிருப்பது வளர்ந்த, நலமான, ஊர்மேயும் கோழி. அதற்கு மருந்தைவிட முதலில் கை வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை இரவில், கூடையில் அடைந்த பிறகு, ஒவ்வொன்றாகத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கலாம். இருபக்கச் சதையும் நிரம்பியிருந்தால் நல்லது. எலும்பு கத்தி முனைபோல் விரலில் குத்தினால் அந்தக் கோழிக்கு ஏதோ குறை. கொண்டை வெளுத்திருக்கிறதா, வால்பக்கத்து இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, தோலில் செள்ளுப் பூச்சி ஊருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இளைத்த கோழியெல்லாம் புழுக்கோழி ஆகாது. செள்ளும் உண்ணியும் இரத்தத்தைக் குடித்துக் கோழியை வெளுக்க வைக்கும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு இரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல் நோய், ஒற்றைச்செல் கிருமியின் வேலை. பூச்சி மருந்து அதற்கு ஒரு துளியும் உதவாது. அந்த நேரத்தில் பைப்பரசினை ஊற்றிவிட்டுக் காத்திருப்பவர்கள் குஞ்சுகளை இழக்கிறார்கள். அதற்குரிய ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உடனே தொடங்க வேண்டும்.

அடுத்தது எச்சப் பரிசோதனை. விடிந்ததும் ஐந்தாறு கோழிகளின் புது எச்சத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்து அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோனால் போதும். சோதனை எளிமையானது. கெட்டியான உப்புக்கரைசலில் எச்சத்தைக் கரைத்தால் புழு முட்டைகள் மிதந்து மேலே வரும், அதை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எண்ணிக் கணக்கிட வேண்டுமானால் கட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. 1930-களில் சிட்னியிலுள்ள மெக்மாஸ்டர் ஆய்வகத்தில், ஆட்டின் புழுக்களை எண்ணுவதற்காக உருவானது அது. ஒரு கிராம் எச்சத்தில் எத்தனை முட்டை என்று அது சொல்லும். நாடாப்புழு தன் முட்டைகளைப் பெரும்பாலும் கண்ணிக்குள் பொதிந்தே வெளியே தள்ளுவதால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு எச்சத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

எண்ணிப் பார்த்துவிட்டு மருந்து கொடுப்பதா, நாள்காட்டியைப் பார்த்துக் கொடுப்பதா என்பது உலகம் முழுவதும் நடக்கும் விவாதம். ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் பழைய வெறுங்கூண்டு முறையைத் தடை செய்தது. கோழிகள் தரைக்கு இறங்கின, புழுக்களும் திரும்பி வந்தன. சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு வழியைச் சோதித்தார்கள். எச்சத்தை அவ்வப்போது எண்ணி, ஒரு கிராமில் 200 முட்டையைத் தாண்டும்போது மட்டும் மருந்து கொடுக்கும் முறை அது. தேவைப்படும்போது மட்டும் என்ற இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஆடு வளர்த்தவர்கள் பட்ட பாடு இருக்கிறது. 1961-ல் தயாபெண்டசோல் என்ற மருந்து வந்தபோது ஆட்டுப் புழுவுக்கு முடிவு வந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். மூன்றே ஆண்டில், 1964-ல், அமெரிக்க ஆடுகளில் அந்த மருந்துக்கு அடங்காத புழுக்கள் தென்பட்டன. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றும்போது மருந்தைத் தாங்கிய சில புழுக்கள் மட்டும் தப்பும். அடுத்த தலைமுறை முழுக்க அவற்றின் பிள்ளைகள்தான். தென்னாப்பிரிக்காவில் ஃபஃபா மலான் என்ற கால்நடை மருத்துவர் இதற்கு மாற்றாக ஒரு வண்ண அட்டையை உருவாக்கினார். ஆட்டின் கீழிமையைப் புரட்டி உட்புறத்தின் சிவப்பை அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. கோழியின் உருண்டைப் புழு இரத்தம் குடிப்பதில்லை என்பதால் அந்த அட்டை கோழிக்கு ஆகாது. ஆனால் அதன் பின்னுள்ள கணக்கு கோழிக்கும் பொருந்தும். எந்த மந்தையிலும் பெரும்பகுதிப் புழுக்களைச் சில பறவைகளே சுமக்கின்றன. வான்கோழியில் வாழும் அஸ்காரிடியாவின் நெருங்கிய இனம் ஒன்று ஃபென்பெண்டசோலுக்கு அடங்க மறுப்பதை 2010-களின் இறுதியில் அமெரிக்காவில் உறுதி செய்திருக்கிறார்கள். கொல்லைக் கோழிக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய மருந்துகள். அவற்றைக் கண்ட கண்ட நேரத்தில் ஊற்றிப் பழுதாக்கிவிடக்கூடாது.

மருந்து கொடுப்பது என்று முடிவானால் அரைகுறை கூடாது. குடிதண்ணீரில் கலந்து வைக்கும் முறை பண்ணைக்குப் பொருந்தும். ஊர்மேயும் கோழிக்கு வாய்க்கால், சாக்கடை, மாட்டுத்தொட்டி என்று தண்ணீர் பல இடத்தில் இருக்கிறது. கூட்டில் மருந்துத் தண்ணீர் வைத்தால் சட்டாம்பிள்ளைக் கோழி நிறையக் குடிக்கும், ஒதுங்கி நிற்கும் இளைத்த கோழி நக்கக்கூட வராது. குறைந்த அளவில் போகும் மருந்துதான் அடங்காத புழுக்களை வளர்த்துவிடுகிறது. கோழிகளை வெளியே விடாமல், காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, அதன் பிறகு மருந்துத் தண்ணீரை வைக்கலாம். பத்து இருபது கோழிதான் என்றால் எடைபோட்டு ஒவ்வொன்றுக்கும் வாயில் ஊற்றுவது இன்னும் நல்லது. ஆட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றுவதை விட்டுவிட வேண்டும். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். குடல் சுவரில் புதைந்திருக்கும் இளம்புழு பைப்பரசினுக்குத் தப்பிவிடுவதால் சில வாரம் கழித்து இரண்டாவது முறை தேவையா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

முட்டை விற்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பு இருக்கிறது. கோழி குடித்த மருந்து சில நாள் முட்டையிலும் வரும். எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து, நாட்டுக்கு நாடு மாறும். குடிதண்ணீரில் கலக்கும் ஒரு குறிப்பிட்ட ஃபென்பெண்டசோல் தயாரிப்புக்கு, குறித்த அளவில் கொடுத்தால், ஒரு நாள்கூட ஒதுக்கத் தேவையில்லை என்று அமெரிக்கா அனுமதித்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கே கையில் கிடைக்கும் வேறு மருந்துக்கு அதே கணக்கைப் போடக்கூடாது. நாட்டுக்கோழி முட்டை என்று நம்பிப் பிள்ளைக்கு வேகவைத்துக் கொடுப்பவர்களிடம் மருந்து கலந்த முட்டையை விற்பது நியாயமில்லை. இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் காலத்தில் ஃபென்பெண்டசோல் கொடுத்தால் இறகு கோணலாக வளரக்கூடும் என்பதும் அறிந்த விஷயம்.

வேப்பிலை, பூண்டு, மஞ்சள், பாகற்காய் என்று கைமருந்து கொடுக்கும் வழக்கம் ஊர்களில் நன்றாகவே இருக்கிறது. இவற்றில் கொட்டைப்பாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலுள்ள அரிக்கோலின் என்ற பொருளை நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்ற மேலைநாட்டு மருத்துவர்களே நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அளவு கூடினால் அது நஞ்சு என்பதால்தான் பிறகு கைவிட்டார்கள். கைமருந்து கொடுப்பவர்கள் கொடுப்பதற்கு முன்னும் இரண்டு வாரம் கழித்தும் எச்சத்தைச் சோதித்தால் தங்கள் மருந்து வேலை செய்கிறதா என்று தாங்களே தெரிந்துகொள்ளலாம். அப்படிச் சோதிப்பவர்கள் மிகக் குறைவு.

மருந்தைவிட அதிக வேலையைத் துடைப்பமும் மண்வெட்டியும் செய்யும். முட்டைக்குள் இளம்புழு உருவாகப் பத்து நாளாவது வேண்டும் என்றால், வாரத்துக்கு ஒருமுறை கூட்டின் எச்சத்தை அள்ளி எருக்குழியில் போட்டாலே அந்தச் சங்கிலி அறுபடும். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றியுள்ள நசநசப்பில்தான் முட்டைகள் செழிக்கின்றன. சட்டியை இரண்டு செங்கல் மேல் வைத்து, அடியில் மணல் கொட்டலாம். தீனியைத் தரையில் வாரி இறைக்காமல் தட்டில் வைக்கலாம். தாய்க்கோழியோடு குஞ்சுகளைப் பெரிய கோழிகள் நாள்முழுக்க நின்ற இடத்தில் விடாமல், வெயில் படும் புது இடத்தில் பஞ்சாரத்தை மாற்றி மாற்றிக் கவிழ்க்கலாம். நம் ஊர்ப் பாட்டிகள் பலர் பஞ்சாரத்தைத் தினம் ஓரிடம் நகர்த்தி வைப்பார்கள். பருந்துக்காக என்று அவர்கள் சொன்னாலும் அது புழுவுக்கும் சேர்த்துச் செய்த காவல்தான்.

கரிநாள் கோழிக்கு வருவோம். அந்தப் புழுக்கள் மனிதருக்குத் தொற்றுவதில்லை, கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். குடலை நாய்க்கு எறிவதற்கு முன் பழைய செய்தித்தாளில் நீளமாக விரித்து, கத்தரிக்கோலால் கிழித்துப் பார்த்தால் மந்தை முழுவதன் நிலைமை தெரிந்துவிடும். இதைவிட மலிவான பரிசோதனை இல்லை. வளர்ந்த கோழியில் நாலைந்து உருண்டைப் புழு, கறியில் நல்ல கொழுப்பு என்றால் மிச்சக் கோழிகளுக்கு அன்றைக்கே மருந்து தேடி ஓட வேண்டாம். எச்சத்தைச் சோதிக்கக் கொடுத்துவிட்டுக் கூட்டைக் கூட்டினால் போதும். அதே குடல் புழுவால் அடைத்துக் கிடந்தால், சுவரில் முடிச்சுகள் தென்பட்டால், அந்தக் குடலையே ஒரு பையில் போட்டு மருந்தகத்துக்கு எடுத்துப்போகலாம். பேத்தி இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம். நுண்ணோக்கியில் அந்த முட்டைகளை அவளும் ஒருமுறை பார்க்கட்டும்.